தமிழ்க் குறிச்சொற்களை இழந்த பிறகு நான் மாற்றிக்கொண்ட புகைப்பட மென்பொருள்

பினாங்குத் தைப்பூசப் படங்களை ஆண்டுதோறும் எடுத்துச் சேர்த்துவரும் நண்பர் ஒருவர், அவற்றைத் திருத்தவும் வகைப்படுத்தவும் எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்டார். நெடுநாள் சந்தா கட்டிப் பயன்படுத்திய ஒன்றை அண்மையில்தான் கைவிட்டேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அதற்குரிய பாராட்டை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். விடியலுக்கு முன் தெருவிளக்கின் மஞ்சள் ஒளியில் இரதம் வரும் பாதையைப் படமெடுத்தால், உடைந்த தேங்காய்ச் சில்லுகளும் ஈரத் தார்ச்சாலையும் மணல் தூவியதைப் போலப் புள்ளி புள்ளியாகவே பதிவாகும். அந்தப் புள்ளிகளை நீக்கிய பின்னும் ஓட்டில் ஒட்டியிருக்கும் நார் தனித்தனியாகத் தெரியும்படி விட்டுவைக்கும் திறனில், நான் பயன்படுத்திய வேறெந்த மென்பொருளும் அதற்கு இணையாகவில்லை.

ஆனால், 'வெள்ளி இரதம்', 'பால்குடம்', 'தண்ணீர்மலைப் படிக்கட்டு' என்று ஒவ்வொரு படத்திற்கும் நான் தமிழில் இட்ட குறிச்சொற்களை அது தன்னுடைய தரவுத்தளத்திற்குள் மட்டுமே வைத்துக்கொண்டது. படக் கோப்பிலும் அவற்றை எழுதும் வசதி இருக்கத்தான் செய்கிறது. எனினும் அது தொடக்கத்திலேயே அணைத்துவைக்கப்பட்டு, அமைப்புகளின் உட்பிரிவு ஒன்றில் கிடக்கிறது. கணினியின் வன்தட்டு பழுதாகி, வெளித்தட்டில் இருந்த நகலிலிருந்து படங்களை மீட்டபோது, படங்கள் எல்லாம் வந்தன, குறிச்சொல் ஒன்றுகூட வரவில்லை. பணம் வாங்கிக்கொண்டு, பயனர் உட்கார்ந்து செய்த உழைப்பை இப்படிப் பூட்டிவைப்பதை என்னால் இன்றளவும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. குறிச்சொல் போன்ற விவரங்களைப் படக் கோப்பிலோ அதன் பக்கத்திலோ எழுதிவைப்பதற்காக அடோபி நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி முறை 2012இல் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தரநிலையாகவே ஏற்கப்பட்டுவிட்டது. அது ஒருங்குறியில் எழுதப்படுவதால் தமிழும் அதில் சிதையாமல் நிற்கும். கூகுள் தன்னுடைய புகைப்பட மென்பொருளான பிக்காசாவை 2016இல் நிறுத்தியதைக் கண்ட பிறகும், ஒரு மென்பொருள் என்றென்றும் இருக்கும் என்று நம்பிக் குறிச்சொற்களை அதனிடம் மட்டும் ஒப்படைப்பது சரியாகாது.

இப்போது நான் பயன்படுத்துவது கட்டணமற்ற டிஜிகேம். முதன்முறை திறக்கும்போதே, விவரங்களைக் கோப்பிலும் எழுதவேண்டுமா என்று அது கேட்டுவிடுகிறது. கேமரா பதிவுசெய்த மூலப் படமான ரா கோப்பைத் தொடாமல், பக்கத்திலேயே தனி எக்ஸ்எம்பி கோப்பாக எழுதும்படியும் அமைத்துக்கொள்ளலாம். அந்தச் சிறு கோப்பைச் சாதாரண உரைத்தொகுப்பியில் திறந்தபோது, கோண அடைப்புக்குறிகளுக்கு நடுவே 'பால்குடம்' என்ற சொல் எழுத்துப் பிசகாமல் இருந்ததைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று. தங்க இரதம் 2017இல்தான் ஊர்வலத்தில் சேர்ந்தது என்பதால், அந்த ஒரு சொல்லைத் தேடினாலே பழைய ஆண்டுகளின் படங்கள் தாமாக விலகிவிடுகின்றன.

திருத்தும் வேலையை டார்க்டேபிள் என்ற மென்பொருளில் செய்கிறேன். ஒன்றை மட்டும் நண்பர் தெரிந்துகொள்ள வேண்டும்: குறிச்சொற்கள் ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் போகும், ஒளி, நிறத் திருத்தங்கள் பெரும்பாலும் அப்படியே போவதில்லை. ஆகவே முடித்த படங்களைத் தனியாக ஜேபெக் கோப்புகளாகவும் எடுத்துவைப்பது நல்லது.

எந்த மென்பொருளுக்கும் பணம் கட்டுவதற்கு முன், ஒரு படத்திற்குத் தமிழில் குறிச்சொல் இட்டு, அந்தப் படத்தையும் அதனுடன் எக்ஸ்எம்பி கோப்பு இருந்தால் அதையும் வேறொரு கணினிக்கு மாற்றி, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். அங்கே அச்சொல் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். இருட்டில் எடுத்த என் படங்கள் பழைய மென்பொருளில்தான் இன்னும் அழகாக வரும். ஆனாலும் சந்தாவைப் பாதியாகக் குறைத்தாலும் நான் அதற்குத் திரும்புவதாக இல்லை.