முளைவிட்ட நாற்றுக்குத் தண்ணீர்: தலையிலா, காலிலா?

ஒன்பதாம் நாள் காலையில் விளக்கைப் போட்டதும் பார்த்தேன். தக்காளி நாற்றுகளில் நான்கு படுத்துக்கிடந்தன. முந்தின இரவு நிமிர்ந்து நின்றவை. வித்திலைகள் அப்போதும் பச்சையாகத்தான் இருந்தன. மண்ணை ஒட்டிய இடத்தில் மட்டும் தண்டு நூல்போல் இளைத்து, வெந்த மாதிரி நீர்கோத்திருந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று பதறி ஸ்ப்ரேயரை எடுத்து இன்னும் கொஞ்சம் அடித்தேன். மறுநாள் மேலும் ஆறு விழுந்தன.

நாற்றழுகல் என்பார்கள். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரி மண்ணில் இருக்கும் பூசண வகைக் கிருமிகள் செய்கிற வேலை. நோய் வந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, வராமல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் வீட்டுக்குள் நாற்று வளர்ப்பவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த விளக்கு, எந்த உரம் என்பதையல்ல, தண்ணீரை மேலிருந்து கொடுப்பதா, அடியிலிருந்து கொடுப்பதா என்பதை என்று நினைக்கிறேன். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு அடித் தண்ணீருக்கு மாறியவள் நான். இப்போதும் அதில்தான் இருக்கிறேன்.

எங்கள் வீடு சென்னையில் இரண்டாம் மாடி. பால்கனி வடக்கு பார்த்தது, வருகிற கொஞ்சம் வெளிச்சத்தையும் எதிர்க் கட்டடம் மறைத்துக்கொள்ளும், மிச்சத்துக்குப் புறாக்கள். அதனால் படுக்கையறை மூலையில் ஒரு இரும்பு அலமாரி, அதில் 20 வாட் எல்.இ.டி. ட்யூப்லைட் இரண்டு. முளைத்த அன்றே விளக்கை நாற்றின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரிய வேண்டும், ராத்திரி இருட்டும் வேண்டும். அவ்வளவுதான், வெளிச்சத்தில் பெரிய குழப்பம் இல்லை.

இனி தண்ணீர். மேலிருந்து கொடுப்பதில் வசதி அதிகம். ஸ்ப்ரேயர் கையில் இருந்தால் போதும், நிமிடத்தில் வேலை முடியும். நாற்று வளர்க்கிற குழித்தட்டில் எந்தக் குழி காய்ந்திருக்கிறதோ அதற்கு மட்டும் கொடுக்கலாம். விதை முளைக்கிற வரை அதுதான் சரியும்கூட. மேலாக விதைத்த தக்காளி, மிளகாய் விதைகளுக்கு மேல்மண் ஈரமாக இருந்தே ஆக வேண்டும். சிக்கல் முளைத்த பிறகுதான் தொடங்குகிறது.

அம்மா திண்டிவனம் பக்கத்து ஊர்க்காரர். நாற்றங்காலில் வைக்கோல் பரப்பி, பூவாளியால் காலையும் மாலையும் தெளித்தே கத்தரி நாற்று வளர்த்தவர். நான் தட்டில் தண்ணீர் ஊற்றிக் குழித்தட்டை அதில் வைப்பதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, புள்ளைக்குத் தலையில ஊத்தாம காலை மட்டும் நனைச்சா குளிச்ச மாதிரி ஆகுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் வளர்த்த நாற்று நன்றாகத்தானே வந்தது?

ஆனால் அந்த நாற்றங்காலில் காலையில் தெளித்த தண்ணீரை ஒன்பது மணி வெயில் மேலிருந்து உறிஞ்சிவிடும். காற்று ஓயாமல் அடிக்கும். மேல்மண் காய்ந்துவிடும், ஈரம் அடியில் நிற்கும். படுக்கையறை மூலையில் அந்த வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. ட்யூப்லைட்டின் சூடு மேல்மண்ணைக் காயவைக்கப் போதாது. காலையில் அடித்த ஸ்ப்ரேயின் ஈரம் இரவுவரை தண்டின் கழுத்தைச் சுற்றியே நிற்கிறது. பித்தியத்தின் வித்துகள் தண்ணீர்ப் படலத்தில் நீந்திப் போகக்கூடியவை. அவை போய்ச் சேர நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி.

இதில், மண்ணுக்குப் பதில் குழியில் நிரப்புகிற கோகோபீட், அதாவது தேங்காய் நார்த் தூள், செய்கிற ஏமாற்று வேலை ஒன்று இருக்கிறது. அதன் மேல்பரப்பு சீக்கிரம் வெளுத்து, காய்ந்த மாதிரி தெரியும். ஒரு விரற்கடை ஆழத்தில் கிள்ளிப் பாருங்கள், பிழிந்தால் தண்ணீர் வரும். மேல் வெளுப்பை நம்பி ஸ்ப்ரேயரை எடுப்பவர்கள் உண்மையில் நனைந்த மண்ணை மறுபடி மறுபடி நனைத்துக்கொண்டிருக்கிறோம். என் முதல் தட்டு இப்படித்தான் போனது. கொஞ்ச நாளில் மேலே பச்சையாகப் பாசி படர்ந்தது, கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சிகளும் பறக்க ஆரம்பித்தன. அவை முட்டையிடத் தேடி வருவதே அந்த ஈர மேல்மண்ணைத்தான்.

அடுத்த முறை 98 குழித் தட்டு ஒன்றைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன், பக்கத்துக்கு 49 குழி. இரண்டிலும் ஒரே பாக்கெட் பி.கே.எம். 1 ரகத் தக்காளி விதை, ஒரே கோகோபீட், மண்புழு உரக் கலவை. முளைக்கும்வரை இரண்டுக்கும் மேலேதான் தெளித்தேன். முளைத்தபின் ஒன்றுக்கு மட்டும் அடித் தண்ணீர். பதினைந்தாம் நாள் மேல் தண்ணீர்ப் பக்கம் 17 நாற்றுகள் விழுந்திருந்தன, அடித் தண்ணீர்ப் பக்கம் 3. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தட்டு. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு முறை மிளகாயும் கத்தரியும் அடித் தண்ணீரிலேயே போட்டேன், ஒரு தட்டும் கூண்டோடு போகவில்லை.

செய்முறை சுலபம். ஓட்டையில்லாத தட்டில் ஒரு விரற்கடைக்கும் குறைவாகத் தண்ணீர் ஊற்றி, குழித்தட்டை அதில் இறக்க வேண்டும். பேப்பர் கப்போ தயிர் டப்பாவோ என்றால் அடியில் நான்கு ஓட்டை அவசியம். 15, 20 நிமிடத்தில் ஈரம் மேலேறும். மேல்பரப்பின் நிறம் இலேசாகக் கறுக்கத் தொடங்கும்போதே வெளியே எடுத்து, மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அந்தத் தண்ணீரை வேறு தட்டுக்கு ஊற்றாதீர்கள். ஒரு குழியில் நோய் இருந்தாலும் பொதுத் தண்ணீர் வழியாக மற்றதுக்குப் போய்விடும். அடித் தண்ணீரின் உண்மையான ஆபத்து இதுதான்.

மறுபடி எப்போது கொடுப்பது என்பதைக் கண் சொல்லாது, கைதான் சொல்லும். நனைத்தவுடன் தட்டைத் தூக்கி அந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காகிதம் மாதிரி இலேசாகும்போது அடுத்த தண்ணீர். என் வீட்டில் இரண்டு நாளுக்கு ஒரு முறை, மின்விசிறி ஓடினால் சில சமயம் தினமும். விசிறி ஓடட்டும், நாற்று இலேசாக ஆடுகிற அளவு காற்று இருந்தால் தண்டும் தடிக்கும்.

குறைகளும் உண்டு. கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மூன்று நாளைக்கு ஆகட்டும் என்று தட்டில் தண்ணீரை நிறுத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் கீழ் இலைகள் மஞ்சள், வேர்நுனிகள் பழுப்பு. நாற்று தண்ணீர் குடிக்க வேண்டுமே தவிர, தண்ணீரில் நிற்கக் கூடாது. ஊருக்குப் போகிறவர்கள் நிறைய நனைத்துவிட்டு, விளக்கைச் சற்றே உயர்த்தி, விசிறியை நிறுத்திவிட்டுப் போவது மேல்.

இன்னொன்று உப்பு. தண்ணீர் கீழிருந்து ஏறி மேலே ஆவியாகும்போது உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. எங்கள் போர் தண்ணீர் கடினமானது, இரண்டு வாரத்தில் குழி விளிம்பில் வெள்ளையாகப் பொடி தட்டியது. பத்து நாளுக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றி, அடியில் வடியவிட்டுக் கழுவுகிறேன். அதைக் காலையில் செய்கிறேன், அன்று விசிறியும் கூடுதல் நேரம் ஓடும். கோகோபீட்டையும் விதைக்கும் முன் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிடுவது நல்லது.

அடித் தண்ணீர் கொடுத்தால், நோய்ப் பூசணத்தை அடக்குகிற நல்ல பூசணமான டிரைக்கோடெர்மா வேண்டாமா என்று கேட்டால், நான் இரண்டையும் செய்கிறேன். விதை நேர்த்திக்கு, அதாவது விதைக்கும் முன் விதையோடு கலப்பதற்கு, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்பது பண்ணைக் கணக்கு. நம் கையில் இருப்பது ஒரு சின்ன பாக்கெட் விதை, ஒரு சிட்டிகை போதும்.

கீரைக்கு மட்டும் இன்னும் மேல்தெளிப்புதான். அகலத் தட்டில் மெல்லிய படுகையாக விதைப்பதால் அடியிலிருந்து ஈரம் எனக்குச் சீராக ஏறவில்லை. சில இடம் சொதசொதப்பு, சில இடம் வறட்சி. இரண்டு தட்டு அனுபவம்தான், என் படுகை சமமில்லாததும் காரணமாக இருக்கலாம். அந்தத் தட்டை மட்டும் ஜன்னலோரம் தனியாக வைத்துவிட்டேன். அதற்குப் பூவாளி பிடிப்பது அம்மா.