பல்கலைக்கழகப் பொது உரைகளும் உலக அரசியல் திரையிடல்களும்: தொடர்ந்து போகிறவர்களுக்கான அனுபவக் குறிப்புகள்

பன்னாட்டு உறவுகள் துறைகள் நடத்தும் பொது உரைகளும் திரையிடல்களும் பெரும்பாலும் இலவசம். மாணவர் அட்டை கேட்கமாட்டார்கள், முன்பதிவு இருந்தால் போதும். செலவாவது நேரம்தான். போக, வர, வரிசையில் நிற்க என்று சேர்த்தால் ஒரு மாலை முழுதாகப் போய்விடும். ஆகவே எதற்கு நேரில் போவது, எதைப் பதிவாகப் பார்த்துக்கொள்வது என்ற கணக்கு வேண்டும். சில பருவங்கள் தொடர்ந்து போனாலே ஒன்று பிடிபட்டுவிடும். பேச்சாளர் எவ்வளவு பெரிய பெயர் என்பதை வைத்து மாலை எப்படி அமையும் என்று சொல்ல முடியாது. நிகழ்வு எந்த வகை, கேள்விக்கு எத்தனை நிமிடம், நெறியாளர் யார் என்ற மூன்றையும் வைத்துச் சொல்லிவிடலாம்.

புத்தக அறிமுக உரையை எடுத்துக்கொள்ளுங்கள். நூலாசிரியர் பேசப்போவது முன்னுரையும் ஏதாவது ஓர் அத்தியாயமும்தான். பல பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் முன்னுரையைத் தங்கள் தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டுப் போனால் முதல் இருபது நிமிடம் உங்களுக்குத் தெரிந்த விஷயமாகிவிடும். கவனத்தையெல்லாம் கருத்துரையாளர் பக்கம் திருப்பலாம். நூலில் எந்த வாதம் ஆடுகிறது என்று அவர் சுட்டும் இடத்தில்தான் இந்த வகை நிகழ்வின் உயிர் இருக்கிறது. அறிவிப்பில் கருத்துரையாளர் பெயரே இல்லையென்றால் அது விளம்பர நிகழ்ச்சியாக முடிய வாய்ப்பு அதிகம். பதிவாகப் பார்த்தாலே போதும்.

குழு விவாதத்துக்குப் போகுமுன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொண்ணூறு நிமிடம், நான்கு பேச்சாளர்கள், ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று போட்டிருப்பார்கள். வரவேற்புக்குப் பத்து நிமிடம் போகும். ஆளுக்கு ஐந்து நிமிடம் கூடினாலே பேச்சுகளுக்கு மட்டும் 68 நிமிடம் ஆகிவிடும். மிச்சம் 12 நிமிடம். அதில் இரண்டு கேள்வி வந்தால் பெரிய விஷயம். மூன்று பேருக்கு மேல் போட்டிருக்கும் குழு விவாதத்தை நான் பரிந்துரைப்பதில்லை. நெறியாளர் கண்டிப்பானவர் என்று முன்பே தெரிந்தால் மட்டும் போகலாம். அறக்கட்டளை ஆண்டுச் சொற்பொழிவுகளில் மேடை அழகாக இருக்கும், புதிய செய்தி குறைவாக இருக்கும்.

உண்மையில் மணியான நிகழ்வு, விளம்பரமே இல்லாமல் நடக்கும் துறைக் கருத்தரங்குதான். இருபது இருபத்தைந்து நாற்காலி போட்ட அறை. கட்டுரையை ஒரு வாரம் முன்னதாகவே மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். பேச்சு 40 நிமிடம், கேள்வி 45 நிமிடம். வெளியாட்களை அனுமதிக்கும் துறைகள் நிறைய உண்டு. துறையின் மின்னஞ்சல் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லி இரண்டு வரி எழுதினால் போதும், அநேகமாகச் சேர்த்துவிடுவார்கள். முடிவடையாத ஆய்வு ஒன்று கண்ணெதிரே சோதிக்கப்படுவதை வேறெங்கும் இப்படிப் பார்க்க முடியாது. கட்டுரையைப் படிக்காமல் மட்டும் போகாதீர்கள். பாதி வாக்கியங்கள் 'பக்கம் 14இல் உள்ள அட்டவணை' என்றுதான் தொடங்கும்.

பதவியில் இருக்கும் தூதர்கள் பேசும் உரையில், அரசு ஏற்கெனவே சொன்னதற்கு மேல் ஒன்றும் வராது. அது அவர்கள் வேலையின் இயல்பு, குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஓய்வு பெற்றவர்களின் உரை அப்படியல்ல. பேச்சுவார்த்தை மேசையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்தச் சொல்லுக்காக ஒரு நாள் முழுக்க இழுபறி நடந்தது என்பதெல்லாம் இவர்களிடம்தான் கிடைக்கும். ஆனால் நினைவு என்பது ஆவணம் ஆகாது. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் மோதும் நிலைக்கு வந்த 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி இதற்கு நல்ல சான்று. துருக்கியில் வைத்திருந்த தன் ஜூபிடர் ஏவுகணைகளை அகற்றுவதாக அமெரிக்கா சோவியத் தரப்புக்கு இரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தது. அதிபர் ஜான் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி இறந்தபின் 1969இல் வந்த அவரது நூலில் அந்த உடன்பாடு வெளிப்படையாக இல்லை. நூலைச் செம்மைப்படுத்திய, அதிபர் கென்னடியின் ஆலோசகர் தியோடர் சோரென்சன், அந்தப் பகுதியைத் தாமே வெட்டியதாக நெருக்கடி பற்றிய 1989 மாஸ்கோ மாநாட்டில் ஒப்புக்கொண்டார். நெருக்கடியின் போது உள்ளே இருந்தவரின் நூலே இருபது ஆண்டுகள் படிப்பவர்களைத் தவறான பக்கம் திருப்பிவிட்டது.

ஆகவே இத்தகைய உரைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஆவணங்களைப் பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை 1861 முதல் வெளியிட்டுவரும் ஆவணத் தொகுதிகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நிகழ்வு நடந்து 30 ஆண்டுக்குள் தொகுதி வெளிவர வேண்டும் என்று 1991 சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தாமதம் ஆவதுண்டு. பிரிட்டனில் அரசு ஆவணங்களைத் திறப்பதற்கான 30 ஆண்டு விதி, 2013 முதல் படிப்படியாக 20 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. 1985இல் தொடங்கி, இப்போது அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகமும் இரகசியம் நீக்கப்பட்ட தாள்களைத் தலைப்புவாரியாக இணையத்தில் தருகிறது. இரண்டு தாளைப் படித்துவிட்டு, "நீங்கள் இப்போது சொன்னது அன்றைய குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா, பிற்பாடு நினைவுகூர்ந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பேச்சாளர்கள் இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள்.

கேள்வி கேட்பது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நேரம் போதாதபோது நெறியாளர் மூன்று கேள்விகளைச் சேர்த்து வாங்குவார். பேச்சாளர் எளிதானதற்கு விரிவாகப் பதில் சொல்லிவிட்டு, கடினமானதை அப்படியே விட்டுவிடுவார். உங்கள் கேள்வி தப்பிப் போகாமல் இருக்க வேண்டுமானால் அது ஒரே கேள்வியாக இருக்க வேண்டும், அரை நிமிடத்தில் முடிய வேண்டும், அவர் சொன்ன ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தைத் தொட வேண்டும். 'இரண்டு கேள்விகள்' என்று தொடங்கினால் இரண்டாவதற்குத்தான் பதில் வரும். கேள்வி நேரம் தொடங்கியதும் கையைத் தூக்குங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் தூக்கிய கைகள் பட்டியலிலேயே ஏறாது.

நெறியாளர்களுக்கும் ஒன்று. உயிரியல், உளவியல் துறைகள் நடத்திய ஏறக்குறைய 250 கருத்தரங்குகளை 10 நாடுகளில் கவனித்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. முதல் கேள்வியை ஆண் கேட்ட அமர்வுகளில், பிறகு பெண்கள் கேட்ட கேள்விகளின் பங்கு குறைவாக இருந்தது. துறை வேறாக இருந்தாலும் இதே காட்சியை மற்ற அரங்குகளிலும் பார்க்க நேரலாம். முதல் கேள்விக்கு யாரை அழைப்பது என்று நெறியாளர் ஒரு கணம் யோசித்தாலே அரங்கின் போக்கு மாறலாம்.

நேரக் குழப்பத்தால் தவறும் நிகழ்வுகள் நிறைய. ஜெர்மன் பல்கலைக்கழக அறிவிப்புகளில் நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தால் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும் என்று பொருள்: 18:00 என்றால் 18:15. 'எஸ்.டி.' என்றிருந்தால் சொன்ன நிமிடத்திலேயே தொடங்கிவிடும். இணையவழி உரைகளில் சிக்கல் இன்னும் பெரிது. 'ஐஎஸ்டி' என்ற மூன்றெழுத்து இந்தியாவுக்கும் உண்டு, இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் உண்டு. 'சிஎஸ்டி' என்பது சீன நேரமாகவும் இருக்கலாம், அமெரிக்க மத்தியப் பகுதி நேரமாகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு, அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளும். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் தள்ளும். இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களும், அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரையிலான ஒரு வாரமும் வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். அறிவிப்பில் யுடிசி (உலகப் பொது நேரம்) இருந்தால் அதை வைத்தே கணக்கிடுங்கள். இல்லையென்றால் நாட்காட்டிக் கோப்பை இறக்கிச் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இலவச நிகழ்வுக்குப் பதிவு செய்கிற எல்லோரும் வருவதில்லை. அது தெரிந்து, இருக்கைகளைவிடக் கூடுதலாகவே பதிவு வாங்குகிறார்கள். கையில் சீட்டு இருக்கிறது என்று நம்பிக் கடைசி நிமிடத்தில் போனால் வாசலில் நிற்க வேண்டிவரும். பிரபலமான உரைக்கு 25 நிமிடமாவது முன்னதாகப் போங்கள். 'நிரம்பிவிட்டது' என்று தளம் காட்டினாலும் நேரில் போய்க் காத்திருப்பு வரிசையில் நின்றால் இடம் கிடைப்பது வழக்கம்தான்.

இனி திரையிடல்கள். உள்ளடக்கத் தேர்வில் பல்கலைக்கழகங்கள் கெட்டி. தடுமாறுவது கருவி அறையில்தான். உரைக்காகக் கட்டிய அரங்கில் வெளிச்சம் முழுதாக அடங்காது. கறுப்பு வெள்ளைப் படத்தின் இரவுக் காட்சிகள் சாம்பலாகிக் கரைந்துவிடும். தட்டையான தரை கொண்ட அறையில் முன்னால் இருப்பவரின் தலை சப்டைட்டிலை மறைக்கும். நடைபாதை ஓரமாக, முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்தால் இந்தத் தொல்லை குறையும். பழைய படங்கள் பல 1.37:1 என்ற அகல-உயர விகிதத்தில் எடுக்கப்பட்டவை. 16:9 திரையை நிரப்பியே தீர வேண்டும் என்று யாராவது இழுத்துவிட்டால் எல்லா முகமும் அகன்றுவிடும். அப்போது எழுந்து போய் இயக்குபவரிடம் சொல்லிவிடுங்கள்; இரண்டு பொத்தானில் சரியாகிற விஷயத்தை ஒரு அரங்கமே இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இசையும் வெடிச்சத்தமும் பெரிதாகக் கேட்டு, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆறு ஒலிபெருக்கிக்காகப் பிரித்த 5.1 ஒலித்தடத்தை இரண்டு ஒலிபெருக்கியில் விட்டிருக்கிறார்கள், நடுத்தடத்தில் இருக்கும் வசனத்துக்குப் போக இடமில்லை. ஸ்டீரியோ தடத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. சப்டைட்டில் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், கோப்பு வேறு வேகத்துக்குத் தயாரானது என்று அர்த்தம். நொடிக்கு 23.976 சட்டகம் ஓடும் படத்துக்கு 25 சட்டகத்துக்கான கோப்பைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகும். தாமத அளவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, வேகத்தையே மாற்ற வேண்டும். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகவோ கிறுக்கலாகவோ தெரிந்தால் கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமித்து, தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நடத்துகிறவர்கள் மறக்கக்கூடாதது உரிமம். வீட்டுச் சந்தாவில் ஓடும் படத்தைப் பொது அரங்கில் காட்ட அந்தச் சந்தா அனுமதிப்பதில்லை. வகுப்பறைக்குத் தரப்படும் சட்டவிலக்கும், கதவைப் பொதுமக்களுக்குத் திறந்த பிறகு பல நாடுகளில் செல்லாது. தனியாகத் திரையிடல் உரிமம் வாங்க வேண்டும். சட்டத்தை விட்டுவிட்டாலும், மடிக்கணினியிலிருந்து அரங்கின் இணைப்புப் பெட்டி வழியாக அத்தளங்களை ஓட்டினால் நகல் தடுப்பு குறுக்கிட்டு, ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக நிற்கும். நிகழ்வுக்கு முந்தைய நாளே அதே கம்பி, அதே கணினி வைத்து ஓட்டிப் பார்த்தால் மறுநாள் அவமானம் இல்லை.

படத்துக்குப் பிந்தைய கலந்துரையாடலின் நிலைமையை ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்லலாம். பிரான்ஸுக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போரைக் காட்டும் 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966) பன்னாட்டு உறவுகள் துறைகள் திரும்பத் திரும்பத் திரையிடும் படம். 2003இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனிலேயே திரையிட்டார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படம். அரங்கை இரண்டரை மணி நேரத்துக்கு எடுத்தால், தாமதமும் அறிமுகமும் போகப் பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது. குறைந்தது மூன்றேகால் மணி நேரம் வேண்டும். நேரம் கிடைத்தாலும், அதில் வருவது செய்திப்படக் காட்சிகள் என்று பார்வையாளர்கள் நம்பிக்கொண்டு பேசத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் படத்தில் செய்திப்படத் துண்டு ஒன்றுகூடக் கிடையாது, அனைத்தும் நடிக்கவைத்து எடுத்தவை. அல்ஜீரிய விடுதலை முன்னணியின் தலைவர்களில் ஒருவரான சாதி யாசெஃப் அதன் தயாரிப்பில் பங்கேற்றதோடு, தம்மையொத்த பாத்திரத்தில் தாமே நடித்தார். கர்னல் மாத்யூ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி பாத்திரமோ பல அதிகாரிகளைக் கலந்து உருவாக்கியது. அறிமுக உரையில் இந்த மூன்று தகவலையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டால் விவாதம் 'இது நடந்ததா' என்பதைத் தாண்டி, 'இப்படிக் காட்டியதால் என்ன நேர்ந்தது' என்ற இடத்துக்குப் போகும். நிகழ்வின் நான்கு வரிக் குறிப்பில் படத்தின் தயாரிப்பு வரலாறு பற்றி ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் திரையிடலைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

பதிவுகளை நம்பி எல்லாவற்றையும் விட்டுவிடவும் வேண்டாம். ஒலிப்பதிவாக வெளியிடும்போது கேள்வி நேரத்தை வெட்டிவிடும் துறைகள் பல. கேட்டவர்களிடம் அனுமதி வாங்கவில்லை என்பது ஒரு காரணம், அரங்கின் ஒலிவாங்கி அவர்கள் குரலைப் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருள் ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் சிதைத்துவிடும், அதை நம்பி மேற்கோள் எடுக்காதீர்கள்.

சில அமர்வுகளில் 'சாத்தம் ஹவுஸ் விதி' பொருந்தும் என்று தொடக்கத்திலேயே அறிவிப்பார்கள். லண்டனில் உள்ள பன்னாட்டு விவகார ஆய்வு நிறுவனமான சாத்தம் ஹவுஸில் 1927இல் உருவான விதி அது. கேட்ட எதையும் வெளியே சொல்லக்கூடாது என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். கேட்ட தகவலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். யார் சொன்னார், அவர் எந்த அமைப்பு, வேறு யாரெல்லாம் இருந்தார்கள் என்பதைத்தான் வெளியிடக்கூடாது. அப்படிப்பட்ட அமர்வில் குறிப்பேட்டில் பெயரே எழுதாமல் தேதியையும் கருத்தையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பெயரோடு எழுதிய தாளைப் படம் பிடித்து நண்பர்கள் குழுவில் போட்டுவிட்டால் விதி அங்கேயே உடைந்துவிடும்.