டானாவுக்கும் ழானாவுக்கும் நடுவில்

வெள்ளவத்தையில் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்ததும் சாத்திரியார் ஒரு துண்டு எழுதித் தந்தார்: நட்சத்திரம் ஆயில்யம், பெயர் டி, டு, டே, டோ என்ற எழுத்துகளில் ஒன்றில் தொடங்க வேண்டும். துடக்குக் கழிவு 31ஆம் நாள். பிறப்பைப் பதிய 42 நாள் தவணை. அதற்குள் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. அம்மா நட்சத்திர எழுத்துப் பக்கம், மச்சான் தனித்தமிழ்ப் பக்கம்.

நட்சத்திரக் கணக்கு எளிது. 27 நட்சத்திரம், ஆளுக்கு நாலு பாதம், மொத்தம் 108 எழுத்து. கார்த்திகைக்கு அ, இ, உ, ஏ என்று வருவதால் அமுதா, இனியா என்று அள்ளலாம். இரு கட்சிக்கும் சண்டையே வராது. ஆயில்யம்தான் வில்லங்கம். தொல்காப்பியக் கணக்கில் தமிழ்ச் சொல் எதுவும் ட-வில் தொடங்காது. ர, ல-வுக்கும் அதே விதிதான். அதனால்தான் இராமன், இலக்குமி என்று முன்னால் ஒரு 'இ' போட்டு எழுதினார்கள். டானாவுக்கு அந்த ஒட்டு வேலையும் எடுபடாது. மிஞ்சுவது டிலக்சனா, டினோஜா மாதிரிப் பெயர்கள். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. பொருள் என்ன என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

மச்சானின் பட்டியலில் முதலில் யாழினி, அடுத்து கயல்விழி. "மீன் பேரோ பிள்ளைக்கு?" என்றார் அம்மா. மீனாட்சி என்றாலும் மீன்விழியாள்தான், மதுரை அம்மனுக்கே அங்கயற்கண்ணி என்று பெயர் உண்டு என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். பொருளை வைத்துப் பார்த்தால் இந்தக் கட்சிக்கே என் வாக்கு.

ஆனால் கொழும்பில் ழானா பெரிய சோதனை. சிங்களத்தில் அந்த எழுத்தே இல்லை. ஆங்கிலத்தில் 'எல்' போட்டால் யாலினி. 'இசட் எச்' போட்டால், எனக்குத் தெரிந்த ஒரு யாழினியை வங்கியில் கூப்பிட்டது போல, யாஸ்ஹினி. எண் சாத்திரம் பார்த்து நடுவில் இன்னொரு 'ஏ' செருகுவதைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

அப்புறம் கடவுச்சீட்டின் சர்நேம் கட்டம். நம் வழக்கத்தில் அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். பக்கத்து ஃபிளாட் பெரேராவுக்கு அந்தத் தலையிடி இல்லை. போர்த்துக்கேய மொழியில் பெரேரா என்றால் பேரிக்காய் மரம், சில்வா என்றால் காடு. 1505இல் இங்கே வந்து இறங்கியவர்கள் விட்டுப்போன பெயர்கள் அப்பா, மகன், பேரன் என்று அப்படியே ஓடுகின்றன. கனடாவில் இருக்கும் நம் சொந்தங்களும் அப்பா பெயரை அப்படியே நிறுத்தி, குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். படிவம் நிரப்பச் சுகம்தான். ஆனால் அந்தப் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் 'மிஸ் சிவசுப்பிரமணியம்' என்று கூப்பிடும்போது திரும்பிப் பார்க்க வேண்டியவர் ஊரில் காலமான பாட்டனார். எங்கள் பிள்ளைக்கு அப்பா பெயரே முன்னால் நிற்கட்டும் என்றேன். இதில் மட்டும் யாரும் மறுக்கவில்லை.

கடைசியில் 'டே' சாதகக் குறிப்போடு நின்றது. பதிவுக்குக் கயல்விழியில் விழியை வெட்டிக் 'கயல்' என்று கொடுத்தோம். மூன்று மொழியிலும் பிழையில்லாமல் எழுதலாம், ழானாவும் போயிற்று. மச்சானுக்குத்தான் மனம் ஆறவில்லை.

"கண்ணை எடுத்துவிட்டு வெறும் மீனை வைத்திருக்கிறீர்களே!"