எட்டு போர்ட் இருக்கிறது, ஐந்தாவது போனுக்குக் கரண்ட் இல்லை

கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகம். எட்டு மேசை போன்கள் வைக்க வேண்டும். எட்டு அடாப்டருக்கு பிளக் பாயின்ட் தேடி மாளாது என்று, நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட்டும் அனுப்பும் பி.ஓ.இ. ஸ்விட்ச் ஒன்று வாங்கினேன். எட்டு போர்ட், செட்டிங்ஸை நாமே மாற்றக்கூடிய மேனேஜ்டு வகை, ஃபேன் இல்லாதது. கம்பெனி பெயர் வேண்டாம்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் 'போர்ட்டுக்கு 30 வாட்'. பொடி எழுத்தில் 'மொத்தம் 65 வாட்'.

பழைய போன்களை ஒவ்வொன்றாகச் சொருகினேன். நான்கு வந்தன. ஐந்தாவது கறுப்பாகவே கிடந்தது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், போனையே மாற்றினேன். ஊஹும். ஸ்விட்சின் செட்டிங்ஸைத் திறந்தால் ஒவ்வொரு போனும் இழுப்பது 3 வாட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அப்புறம் ஏன்?

802.3ஏஎஃப் என்ற பி.ஓ.இ. தரத்தில் போன் தன் கிளாஸை, அதாவது எவ்வளவு கரண்ட் தேவைப்படும் வகை என்பதை, ஸ்விட்சிடம் சொல்லும். கிளாஸ் 1 என்றால் ஸ்விட்ச் 4 வாட் ஒதுக்கும், 2 என்றால் 7, 3 என்றால் 15.4. கிளாஸ் 0 போன் எவ்வளவு வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லாது, அதற்கும் 15.4 ஒதுக்கியாக வேண்டும். என் போன்கள் அத்தனையும் கிளாஸ் 0. நான்குக்கே 61.6 வாட் போய்விட்டது. பஸ்ஸில் ஒல்லியான ஆள் மூன்று சீட்டுக்குத் துண்டு போட்ட கதை.

கிளாஸ்படி ஒதுக்காமல் நிஜமாக இழுக்கும் அளவைக் கணக்கெடு என்று மாற்றினேன். எட்டும் வந்தன. அந்த செட்டிங் மூன்று மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது என்பது என் முதல் புகார். மேனேஜ்டு இல்லாத மலிவு மாடல் வாங்கியிருந்தால் இந்த வழியும் இருந்திருக்காது. கிளாஸ் 2 போன்களாக இருந்தால் வம்பே இல்லை, எட்டுக்கும் 56 வாட்தான்.

மெயினை அணைத்துப் போட்டேன். எட்டும் ஒரே நேரத்தில் எழுந்தன, ஒன்றும் விழவில்லை. ஒரு அறையில் பழைய கேபிளில் எட்டுக் கம்பிகளில் 1, 2, 3, 6 என்று நான்குதான் இணைத்திருந்தது. இந்த ஸ்விட்ச் அந்த ஜோடிகளிலேயே கரண்ட் அனுப்புவதால் போன் வேலை செய்தது. 4, 5, 7, 8-இல் அனுப்பும் ஒரு இன்ஜெக்டரை (கேபிளில் கரண்ட் ஏற்றும் தனிப் பெட்டி) அங்கே வைத்துப் பார்த்தேன், அசையவில்லை.

ரிசப்ஷன் அக்கா கேட்டார்: "ஏனுங் தம்பி, தெரியாம லேப்டாப்பச் சொருகிட்டா எரிஞ்சு போயிருங்களா?" போகாதுங்க அக்கா. ஸ்விட்ச் முதலில் பத்து வோல்ட் சுமாருக்குள் தடவிப் பார்த்து, எதிரே பி.ஓ.இ. கருவிக்கு அடையாளமான 25 கிலோ ஓம் மின்தடை தெரிந்தால்தான் முழு வோல்டேஜ் விடும். ஆனால் அலமாரியில் கிடந்த 24 வோல்ட் வைஃபை இன்ஜெக்டர் எதையும் கேட்காமல் கரண்ட் விடும் வகை. அதை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

இரண்டாவது புகார், எந்த போர்ட்டில் கரண்ட் போகிறது என்று காட்டத் தனி லைட் இல்லை. போனுக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். கேமராவும் சேர்ப்பதாக இருந்தால் 120 வாட் மாடலைப் பாருங்கள்.