தாருக்கு முதலில் டயரா, லிஃப்ட்டா?

மஹிந்திராவின் தார் வண்டியை வாங்கியவர்கள் முதல் சர்வீஸ் முடிவதற்குள்ளாகவே கேட்கும் கேள்வி: "எத்தனை இன்ச் தூக்கலாம்?" அதற்கு முன்னால் நான் வேறொன்றைக் கேட்பேன். வண்டியின் அடியில் எது இடிக்கிறது? காசு டயருக்குப் போக வேண்டுமா, ஸ்பிரிங்குக்குப் போக வேண்டுமா என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்யும்.

2020-இல் வந்த தாரில் முன்பக்கம் இரட்டை விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கும் மேல்கை, கீழ்க்கை) வைத்த தனித்தனி சஸ்பென்ஷன். பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே ஆக்சில். லிஃப்ட் போட்டால், அதாவது சஸ்பென்ஷனில் வண்டியைத் தூக்கினால், சேஸிஸ், பம்பர், டேங்க், முன் டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) எல்லாம் மேலே போகும். பின் டிஃபரன்ஷியல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அது சக்கரங்களோடு சேர்ந்த பாகம் என்பதால், டயர் பெரிதானால்தான் அதுவும் உயரும். இரண்டு இன்ச் தூக்கிய வண்டி, டிராக்டர் போய்ப் பள்ளமான தடத்தில் நடு மேட்டின் மேல் உட்கார்ந்துவிடுவது இதனால்தான். மாறாக, பாறைப் படியில் ஏறி இறங்கும்போது வயிறு தட்டுகிறது, பம்பர் முட்டுகிறது என்றால் அங்கே லிஃப்ட் உண்மையிலேயே உதவும்.

கம்பெனி உயரத்திலேயே தாரின் தரை இடைவெளி 226 மி.மீ., பம்பர் இடிக்காமல் ஏறும் முன் ஏறுகோணம் 41.8 டிகிரி, இடிக்காமல் இறங்கும் பின் இறங்குகோணம் 36.8 டிகிரி. இவை சாதாரண எண்கள் இல்லை. பலருடைய தேவை இதற்குள்ளேயே அடங்கிவிடும். இதற்கு மேல் போக விரும்புகிறவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, லிஃப்ட்டே இல்லாமல் டயரை மட்டும் மாற்றுவது. நான் முதலில் சொல்வது இதைத்தான். எல்எக்ஸ் வகையில் வந்த டயர் 255/65 ஆர்18 (அகலம் 255 மி.மீ., சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 18 இன்ச்). விட்டம் சுமார் 789 மி.மீ., ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சுவர் 166 மி.மீ. அதே வண்டியின் ஏஎக்ஸ் வகையில் வந்தது 245/75 ஆர்16. விட்டம் 774 மி.மீ.தான், ஆனால் சுவர் 184 மி.மீ. விலை குறைந்த வகையின் சக்கரம் காட்டுக்கு அதிகம் பொருந்துவது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பெரிய ரிம் ஷோரூமில் அழகு. கல்லிலும் சேற்றிலும் வேலை செய்வது ரப்பர் சுவர்தான். சாலையில் 30 பிஎஸ்ஐக்கு மேல் ஓடும் டயரை, பாதை கெட்டதும் 18 பிஎஸ்ஐக்கு இறக்கிப் பாருங்கள். டயர் தரையோடு படியும் நீளம் கூடும். கூரான கல்லின் மேல் துள்ளாமல், கல்லைச் சுற்றி மடிந்து பிடிக்கும். சுவர் உயரமாக இருந்தால் ரிம் அடிபடாமல் இன்னும் தைரியமாகக் காற்றை இறக்கலாம். சாலைக்கும் காட்டுக்கும் பொதுவான ஒரு நல்ல ஆல்-டெரெய்ன் டயர், காற்றழுத்த மானி, சிறிய கம்ப்ரசர் இவ்வளவுதான் செலவு. மூணாறு பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பழைய ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பாதைக்கு ராட்சத சக்கரம் தேவையில்லை என்பது தெரியும். டயரை எந்தக் கல்லின் மேல் வைப்பது என்ற ஓட்டுநரின் கணக்கே அங்கே வண்டியை மேலே கொண்டுபோகிறது.

மட்-டெரெய்ன் டயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். களிமண்ணில் அதற்கு இணை கிடையாது. ஆனால் வண்டி வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலையில் ஓடுகிறது என்றால் இரைச்சலும், மழையில் நீளும் பிரேக் தூரமும் தினமும் கூடவே வரும். முழுநேரமும் சேற்றில் உழலாதவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது வழி, ஸ்பேசர். மூன்றிலும் மலிவு இதுதான், அதிகம் விற்பதும் இதுதான். முன் ஷாக் அப்சார்பரின் தலைக்கு மேல் ஒரு வட்டக் கட்டை, பின் காயில் ஸ்பிரிங்குக்கு ஒரு கட்டை. அரை நாள் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி கம்பீரமாக நிற்கும். உள்ளே நடப்பது வேறு. ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழையவைதான், நீளம் கூடவே இல்லை. முன் ஷாக், கீழ்க்கையின் நடுப்பகுதியில் பிடிப்பதால், கட்டையின் தடிப்பை விட அதிகமாக வண்டி எழும். டிஃபரன்ஷியல் சேஸிஸோடு மேலே போக, சக்கரம் தரையிலேயே இருக்க, இரண்டையும் இணைக்கும் டிரைவ் ஷாஃப்ட் இன்னும் அதிகமாகச் சாயும். அதன் முனைகளில் வளைந்து சுழலும் சிவி ஜாயின்ட்டுகள் அந்தக் கோணத்திலேயே தினமும் சுழல வேண்டும். பின்பக்கம் ஷாக்கின் நீளம் மாறாததால், வண்டி நிற்கும்போதே அது முன்பை விட அதிகமாக விரிந்திருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்க மிச்சம் இருக்கும் தூரம் குறைந்துபோகும். உயரத்தை வாங்கிக்கொண்டு, கரடுமுரடான இடத்தில் சக்கரம் தரையை விடாமல் தொடும் திறமையை விற்றுவிடுகிறோம். ஆஃப்-ரோடு வண்டிக்கு இது நல்ல வியாபாரம் இல்லை. பெரிய டயர் உரசாமல் இருக்க ஒரு இன்ச்சுக்குள் கட்டை வைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு மேல் வேண்டாம்.

ஏற்கெனவே ஸ்பேசர் போட்டிருந்தால் ஒன்றை மட்டும் அடிக்கடி பாருங்கள். முன் சக்கரத்தை முழுதாகத் திருப்பி, சிவி ஜாயின்ட்டை மூடியிருக்கும் கறுப்பு ரப்பர் உறையின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். மடிப்புக்குள் வெடிப்பு தெரிந்தாலோ, ரிம்மின் உட்புறத்தில் வட்டமாகக் கிரீஸ் தெறித்திருந்தாலோ உடனே உறையை மாற்றுவது நல்லது. கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போய்விட்டால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டிவரும்.

மூன்றாவது வழி, காயிலும் ஷாக்கும் சேர்ந்த முழு செட். ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலிய நிறுவனங்கள் பெயர் வாங்கியது இதில்தான். செலவு அதிகம். ஆனால் ஷாக் நீளமாகிறது, கல் ரோட்டில் மணிக்கணக்காக ஓடினாலும் சூடேறித் தளராமல் தாங்குகிறது. இங்கே பலர் சறுக்குவது ஸ்பிரிங்கின் எடைக் கணக்கில். இரும்பு பம்பரும் வின்ச்சும் வைத்த வண்டிக்கான ஸ்பிரிங்கை, எதுவும் வைக்காத வண்டியில் போட்டால் முன்பக்கம் தேவைக்கு மேல் எழும்பி நிற்கும், ஒவ்வொரு வேகத்தடையும் முதுகில் இறங்கும். வண்டியில் இன்று இருக்கும் எடையைச் சொல்லி வாங்குங்கள். இரண்டு இன்ச்சுக்கு மேல் போனால் இந்த முன் சஸ்பென்ஷனில் மேல்கையையும் மாற்றாமல் அலைன்மென்ட் சரியாக வராது.

பாடி லிஃப்ட் என்று ஒன்றும் உண்டு: சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை. ஸ்டீயரிங் ஷாஃப்ட், கியர் லீவர், டேங்க் குழாய் எல்லாம் இழுபடும். அடிப்பாகம் எதுவும் உயராது. தாருக்கு அதைத் தேட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வழியில் போகிறவர்களுக்கு நடுத்தரமான டயர் அளவு 265/75 ஆர்16. விட்டம் 804 மி.மீ., சுவர் 199 மி.மீ. ஏஎக்ஸ் டயரோடு ஒப்பிட்டால் ஆக்சில் 15 மி.மீ. உயரும். 285/70 ஆர்17 என்ற 33 இன்ச் டயர் 831 மி.மீ. எல்எக்ஸ் டயரை விட 5 சதவீதத்துக்கு மேல் பெரிது. ஸ்பீடோமீட்டர் கணக்கில் அது தெரியும்: முன்பு 80-இல் போன இடத்தில் இப்போது 84-இல் போவீர்கள், முள் மாறாது. கியர் விகிதமும் அதே அளவு நீளும். செங்குத்தான ஏற்றத்தில் ஊர்ந்து போகும் வசதி குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியும் இதே அளவாக இருந்தாக வேண்டும் என்பதால், கதவுக் கீலுக்கு எடை ஏறும். பழைய சிறிய ஸ்டெப்னியை ஒரு சக்கரமாக மாட்டிக்கொண்டு 4x4-இல் ஓட்டினால், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். 33 இன்ச் படத்துக்கு அழகு, பயணத்துக்கு 265/75 போதும் என்பது என் கருத்து.

மாருதி சுசூகி ஜிம்னிக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் முன்னும் பின்னும் ஒற்றை ஆக்சில், டயர் 195/80 ஆர்15, விட்டம் வெறும் 693 மி.மீ. டிரைவ் ஷாஃப்ட் சாயும் தொல்லை அந்த அளவுக்கு இல்லை. ஆனால் தூக்கினால் முன் ஆக்சில் சுழன்று காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறையும், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலையும். காஸ்டர் திருத்தும் புஷ் சேர்ந்து வராத கிட்டை வாங்க வேண்டாம். இஞ்சின் 134 நியூட்டன் மீட்டர் டார்க்தான் தருகிறது. அதற்கு 215/75 ஆர்15 அளவைத் தாண்டிய கனமான டயர் பெரிய சுமை.

மெக்கானிக்கிடம் விடும்போது இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சஸ்பென்ஷன் கைகளின் போல்ட்டை வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லையென்றால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அடுத்தது, உரசல் சோதனை. புது டயரின் தோள்பட்டையில் சாக்பீஸ் தேய்த்து, ஒரு முன் சக்கரத்தைத் திட்டின் மேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். லைனரிலோ ஸ்டெபிலைசர் கம்பியிலோ வெள்ளைத் தடம் விழுந்த இடம்தான் உரசும் இடம். பிரேக் குழாய் விறைத்து நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பிறகு அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம்.

சட்டத்தையும் பேசியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கவனிப்பதும் இதையே. எல்எக்ஸ் வண்டிக்கு 16 இன்ச் ரிம்மோடு 245/75 ஆர்16 போடுவதில் எனக்கு விருப்பம் அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அது அதே மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு. அந்த டயரில் ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டுங்கள். அதன் பிறகும் கல்லில் தேய்ந்த தடம் வயிற்றிலும் பம்பரிலும் விழுந்துகொண்டே இருந்தால், முழு செட்டுக்கு விலை கேட்கலாம்.