கை மைக்கா, காலர் மைக்கா, போடியமா?

பட்டிமன்றம், பள்ளி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பில் வாழ்த்துரை என்று மேடை மேடையாக ஏறி இறங்குகிறவன் நான். எந்த ஊர் போனாலும் மைக்செட்காரர், "எந்த மைக் சார் வேணும்?" என்பார். இப்போதெல்லாம் யோசிக்காமல் கை மைக் கேட்கிறேன். குரலுக்காக இல்லை, கைகளுக்காக.

போடியத்தை முதலில் முடித்துவிடுவோம். குறிப்புத்தாள் வைக்க இடம் உண்டு, நடுங்கும் விரல்களுக்குப் பிடிமானமும் உண்டு. ஆனால் மார்புக்குக் கீழே ஆளே தெரியாது. கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினால்தான் பின்வரிசைக்குச் சைகை போய்ச்சேரும். எழுதி வாசிப்பவர்களுக்குச் சரி.

சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக்கில் இரண்டு கையும் சும்மா இருக்கிறதே, அதுதான் உத்தமம் என்று நானும் நம்பினேன். ஒரு பள்ளி விழாவில் "நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே என் நெஞ்சில் தட்டினேன். ஸ்பீக்கரில் 'டம்'மென்று வெடிச் சத்தம். முன்வரிசைக் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. போதாததற்கு, போர்த்திய பொன்னாடை வேறு மைக்கில் உரசிக்கொண்டே இருந்தது.

இதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். அந்த விழாவின் வீடியோவைப் பார்த்தபோதுதான் நிஜமான தொல்லை புரிந்தது. சைகை செய்வது பெரிய வேலையில்லை; ஒரு சைகை முடிந்து அடுத்தது வரும்வரை கையை எங்கே வைப்பது? என் கைகள் பைக்குள் போயின, முதுகுக்குப் பின்னால் போயின, வாட்சைத் திருகின. மற்ற நேரமெல்லாம் மாவு சலிப்பது போல ஒரே ஆட்டம். எந்த வார்த்தையை அழுத்திச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

கை மைக் பிடித்தால் இடது கைக்கு வேலை வந்துவிடுகிறது. வலது கை பக்கத்தில் சும்மா தொங்கினாலும் விகாரமாக இல்லை. தேவைப்படும்போது மட்டும் எழும்புகிறது. இடது கையை நீட்டிச் சபையைக் காட்டினால் நம் ஊரில் முகம் சுளிப்பார்கள், அந்தச் சிக்கலும் தீர்ந்தது. ரோமாபுரியில் 1ஆம் நூற்றாண்டில் பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்த குவின்டிலியனும் இடது கை தனியாகச் சைகை செய்வது சரியில்லை என்றே எழுதியிருக்கிறார். அவ்வளவு தூரம் எதற்கு? நம் கதாகாலட்சேபக்காரர்கள் ஒரு கையில் தாளம் போடும் சிப்ளாக்கட்டையை வைத்துக்கொண்டே மறு கையால் ராமாயணம் முழுவதையும் காட்டிவிடுவார்களே.

ஒற்றைக் கைக்கென்று சில பழக்கங்கள் வேண்டும். கட்டைவிரலால் விரல்கணுவைத் தொட்டு எண்ணுவோமே, அது நாலாவது வரிசைக்கே தெரியாது. விரல்களை நிமிர்த்தி, முகத்துக்குப் பக்கத்தில் காட்டி எண்ண வேண்டும். மைக் வாயிலிருந்து நாலு விரற்கடை. தலை திரும்பினால் முழங்கையும் கூடவே திரும்ப வேண்டும். தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். மைக்கின் தலையைப் பொத்திப் பிடித்தால் கூவும். மைக் பிடித்த கையை ஆட்டவே கூடாது.

நஷ்டமும் உண்டு. 'இவ்வளவு பெரிய மீன்' என்று இரு கையால் அளந்து காட்ட முடியாது. மணிக்கட்டும் வலிக்கும். நான் இருபது நிமிடத்துக்கு மேல் பேசுவது அபூர்வம். நாள் முழுக்கப் பயிற்சி வகுப்பு எடுப்பவர்களுக்குக் காதில் மாட்டும் ஹெட் மைக் நல்லதாக இருக்கலாம், நான் இரண்டே முறைதான் மாட்டியிருக்கிறேன். காலர் மைக்கோடு ஒயரில் இணைந்து வரும் சின்னப் பெட்டியைப் புடவையில் எங்கே செருகுவது என்பதைப் பெண் பேச்சாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

பெரிய நஷ்டம் வணக்கம்தான். மைக்கை உள்ளங்கைகளுக்கு நடுவே சொருகிக் கும்பிட்டால், குரல் ஒரு பக்கம் போகிறது, மைக் ஒரு பக்கம் பார்க்கிறது. அதனால் மேடையேறியதும் சபையைப் பார்த்து வாய் திறக்காமல் கும்பிட்டுவிட்டு, அப்புறம்தான் மைக்கை வாங்குகிறேன்.