அடியில் மட்டும் மூன்று அடுக்கு: ட்ரைப்ளை வாணலி வாங்கும் முன் படியுங்கள்

"முழு ட்ரைப்ளை" என்று, அதாவது அடியிலிருந்து விளிம்பு வரை மூன்று உலோக அடுக்கு கொண்டது என்று எழுதி ஆன்லைனில் விற்ற ஒரு வாணலியை வாங்கினேன். வந்தது ட்ரைப்ளை வாணலியே இல்லை. விற்றவர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை, பாத்திரத்தை மாற்றியும் தரவில்லை. போதாக்குறைக்கு, குறை என் சமையலில்தான் இருக்கிறது என்று எழுத்திலேயே பதில் அனுப்பினார்கள். நல்ல பாத்திரம் ஒன்றுக்காகக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் வேறு யாருக்கும் இது நடக்கக்கூடாது. அதனால்தான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

தினமும் அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு அடிகனமான பாத்திரத்தின் மேல் எவ்வளவு ஆசை இருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மெல்லிய சட்டியில் வெங்காயம் வதக்கினால் நடுவில் கருகிவிடும், ஓரத்தில் பச்சையாகவே கிடக்கும். பால் காய்ச்சினால் அடிபிடிக்கும். நான்ஸ்டிக் வாங்கினால் கொஞ்ச காலத்தில் பூச்சு உரியும், அப்புறம் இன்னொன்று வாங்க வேண்டும். ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் உழைக்கிற ஒரே ஒரு வாணலி வேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்பட்டேன். வாங்குவதற்கு முன் நிறையப் படித்தேன், பலரிடம் கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: ட்ரைப்ளை வாங்கு.

அவர்கள் சொன்னது சரிதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது, புளிப்போடு வினை புரியாது, எவ்வளவு தேய்த்தாலும் தாங்கும். ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் அது மிகவும் மந்தம். வெப்பக் கடத்துத்திறனை எண்ணில் சொன்னால் (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற கணக்கில்) தாமிரத்துக்கு ஏறத்தாழ 400, சுத்த அலுமினியத்துக்கு 237. சமையல் பாத்திரத்துக்குப் பயன்படும் 304 ரக ஸ்டீலுக்கோ சுமார் 16தான். தீ படுகிற இடம் மட்டும் கொதித்து மற்ற இடம் சூடேறாமல் கிடப்பதற்கு இதுவே காரணம். ட்ரைப்ளையில் உணவு படும் உள்பக்கம் 304 ரக ஸ்டீல், நடுவில் அலுமினியம், வெளிப்பக்கம் பெரும்பாலும் 430 என்ற காந்தத்தில் ஒட்டும் ஸ்டீல் இருக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்வதற்காகத்தான் அந்த 430. மூன்றையும் ஒரே தகடாக அழுத்தி ஒட்டவைத்து, அந்தத் தகட்டையே பாத்திரமாக வடிக்கிறார்கள். அதனால் அலுமினியம் அடியிலிருந்து விளிம்பு வரை ஓடும், சுவருக்கும் சூடு நன்றாகப் பரவும்.

எனக்கு வந்த வாணலியில் அலுமினியம் அடியில் மட்டும்தான் இருந்தது. சாதாரண ஒற்றை ஸ்டீல் பாத்திரத்தின் அடியில் வட்டமாக ஒரு அலுமினியத் தட்டை வைத்து, அதை இன்னொரு ஸ்டீல் மூடியால் மூடியிருந்தார்கள். இதற்கு சாண்ட்விச் பாட்டம் என்று பெயர். அந்த முறையை நான் குறை சொல்லவே மாட்டேன். தண்ணீர் கொதிக்க வைக்கவும், சூப் மாதிரி நீர்த்த பண்டங்களை வேகவைக்கவும் அது நன்றாகவே பயன்படும். திரவம் தானே சுழன்று வெப்பத்தை மேலே கொண்டுபோய்விடும். ஆனால் வதக்குவதற்கும் கெட்டியாகக் கிளறுவதற்கும் சுவர் முழுக்கச் சூடு பரவ வேண்டும். அதற்காகத்தான் கூடுதல் விலை கொடுக்கிறோம். சாண்ட்விச் பாட்டத்தை முழு ட்ரைப்ளை என்று சொல்லி, அந்த விலைக்கே விற்றால் அது மோசடி.

சமைக்கத் தொடங்கிய சில நாளிலேயே அடியும் சுவரும் சேரும் இடத்தில் சுற்றிலும் வளையமாகக் கருகத் தொடங்கியது. தீயைக் குறைத்துப் பார்த்தேன், எண்ணெயைக் கூட்டிப் பார்த்தேன், பாத்திரத்தை முன்கூட்டியே நிதானமாகச் சூடாக்கியும் பார்த்தேன். எல்லாம் வீண், அந்த வளையம் மட்டும் போகவில்லை. பிறகு வாணலியைக் கவிழ்த்து வைத்து அளந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடியில் இருந்த தட்டு பாத்திரத்தின் அடியைவிடச் சிறியது. கேஸ் தீ தட்டின் ஓரத்தைத் தாண்டி ஏறி, அலுமினியமே இல்லாத மெல்லிய சுவரை நேராகச் சுட்டுக்கொண்டிருந்தது. கருகாமல் என்ன செய்யும்? நாளாக ஆக அடியின் நடுப்பகுதி மேலே உப்பியது. ஊற்றிய எண்ணெய் முழுக்க ஓரத்துக்கு ஓடி, நடுவில் காய்ந்து கிடந்தது.

படங்களோடு புகார் அனுப்பினேன். முதலில், "அதிகத் தீயில் சமைத்திருக்கிறீர்கள்" என்று பதில் வந்தது. நான் சிறிய தீயில்தான் சமைத்தேன் என்று விளக்கினேன். அடுத்த பதிலில், பயன்படுத்திய பாத்திரத்தைத் திரும்பப் பெற முடியாது என்றார்கள். சமைத்துப் பார்க்காமல் ஒரு வாணலியின் குறையை யார் கண்டுபிடிக்க முடியும்? இந்தக் கேள்விக்கு அவர்களிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

"வாழ்நாள் வாரண்டி" என்று பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சடித்திருந்தார்கள். அதைக் காட்டிக் கேட்டபோது, வாரண்டி உற்பத்திக் குறைக்கு மட்டும்தான், பாத்திரத்தில் வானவில் நிறக் கறை தெரிவதால் அதிகச் சூட்டில் பயன்படுத்தியது உறுதி, எனவே வாரண்டி செல்லாது என்று எழுதினார்கள். இது உங்களிடமும் சொல்லப்படலாம், அதனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் சூட்டில் கொஞ்சம் தடிக்கும்போது அந்த நீல, பொன் நிறங்கள் தெரியும். ஒழுங்காகப் பயன்படுத்தும் பாத்திரத்திலும் அது வரும். கொஞ்சம் வினிகர் ஊற்றித் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். பாத்திரத்தைக் கெடுத்ததற்கு அதை ஆதாரமாகக் காட்டுவது நியாயமே இல்லை.

இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைத்தது வேறொன்று. புகார் கொடுத்த பிறகு அந்த விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "முழு ட்ரைப்ளை" என்று இருந்த இடத்தில் "ட்ரைப்ளை அடிப்பகுதி" என்று மாற்றியிருந்தார்கள். படங்கள் அதே படங்கள், விலையும் அதே விலை. வாங்கும்போதே நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அதை அனுப்பிய பிறகு பதிலே வருவதில்லை. நான் எழுதிய விமர்சனத்தையும், பொருளைப் பற்றியது அல்ல என்று சொல்லி வெளியிடவில்லை.

சரி, வாங்கும் முன் என்ன பார்க்கலாம்? முதலில் விளிம்பு. நிறைய ட்ரைப்ளை பாத்திரங்களின் விளிம்பை வெட்டியபடியே விட்டு மெருகேற்றியிருப்பார்கள். உற்றுப் பார்த்தால் இரண்டு பளபளப்பான கோடுகளுக்கு நடுவே மங்கலான சாம்பல் கோடு தெரியும், அதுதான் அலுமினியம். சிலர் விளிம்பை மூடிவிடுவார்கள், அப்போது கோடு தெரியாது. அந்த மாதிரி இருந்தால் வெளிப்புறத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். முழு ட்ரைப்ளையில் அடியிலிருந்து சுவர் வரை ஒரே சீராக வளைந்து போகும். தட்டு ஒட்டிய பாத்திரத்தில் அந்தத் தட்டு முடிகிற இடத்தில் படி மாதிரி ஒரு விளிம்பு கையில் தட்டுப்படும். ஆன்லைனில் வாங்கினால் கவிழ்த்து எடுத்த படத்தைக் கேளுங்கள். அந்தப் படத்தைத் தரத் தயங்குகிற கடையில் நான் இனி எதையும் வாங்க மாட்டேன்.

காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். அதை முழுதாக நம்பாதீர்கள். வெளிப்பக்கத்தில் ஒட்டினால் இண்டக்‌ஷனில் வேலை செய்யும் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். உள்பக்கத்தில் வைத்தாலும் வெளி அடுக்கின் இழுப்பால் காந்தம் லேசாக ஒட்டக்கூடும், அதை வைத்து உள்ளே இருக்கும் ஸ்டீல் மட்டமானது என்று முடிவு கட்ட முடியாது. ஒட்டாமல் இருந்தாலும் அது 304தான் என்று சொல்ல முடியாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்த 201 ரகமும் பொதுவாக அப்படித்தான் ஒட்டாமல் இருக்கும், ஆனால் உப்பையும் புளிப்பையும் அது 304 அளவுக்குத் தாங்காது. 18/10 என்று போட்டிருந்தால் 18 சதவீதம் குரோமியம், 10 சதவீதம் நிக்கல் என்று பொருள். அது எந்த அடுக்கைக் குறிக்கிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே விற்பனையாளரின் நான்ஸ்டிக் சட்டியில் "பிஎஃப்ஓஏ இல்லாதது" என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். நான்ஸ்டிக் பூச்சு தயாரிக்கும்போது முன்பு பயன்படுத்திய வேதிப்பொருள் அது. 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சில விலக்குகளோடு சேர்க்கப்பட்டுவிட்டது. பெரிய தயாரிப்பாளர்கள் அதற்கு முன்பே கைவிட்டுவிட்டார்கள். அது இல்லை என்று எழுதியிருப்பதால் பூச்சு தரமானது என்று ஆகிவிடாது. வெறும் சட்டியை அடுப்பில் காயவிடக்கூடாது, சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்க வேண்டியது இந்த எச்சரிக்கைதான்.

ஏற்கெனவே இந்த மாதிரி வாணலி வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அடியில் உள்ள தட்டைவிடச் சிறிய பர்னரில் வைத்துச் சமையுங்கள், கருகும் வளையம் ஓரளவு குறையும். வெறுமனே அடுப்பில் வைத்து மறந்துவிடாதீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அளவுக்கு மீறிச் சூடானால் தட்டு கழன்று வருவதற்கும் வாய்ப்பு உண்டு. பெட்டி, பில், விற்பனைப் பக்கத்தின் படம், அவர்கள் அனுப்பிய பதில்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நான் இவை எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகாராக எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைசியாக வந்த பதிலில் அடுத்த வாங்குதலுக்குத் தள்ளுபடி கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். அதை வாங்க மறுத்துவிட்டேன். எனக்கு வேண்டியது கொடுத்த பணம் முழுவதும்.